காய்ச்சலில் கிடந்த பிள்ளையை யாரும் தேடவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்லூரிச் சேர்க்கை நேரம் என்பதால் உங்கள் நாளிதழில் கிறிஸ்தவப் பல்கலைக்கழகங்களின் விளம்பரங்கள் தினமும் வருகின்றன. 'குடும்பம் போன்ற சூழல்' என்ற வரி தவறாமல் இருக்கிறது. பிள்ளைகள் இருவரையும் கிறிஸ்தவ நிறுவனங்களில் சேர்த்த அம்மா நான், அதனால் எழுதுகிறேன்.

மூத்தவள் படித்தது வேலூர் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி)யில். அங்கே மாணவர்களை ஆசிரியர் குடும்பங்கள் வளர்ப்புப் பிள்ளைகளாக ஏற்றுக்கொள்ளும் வழக்கம் உண்டு. முதல் வருடம் அவளைப் பார்க்கப் போனபோது அந்த வீட்டுக்கு என்னையும் அழைத்துப் போனாள். பெரிய டாக்டரம்மா அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருந்தார், இவள் போன வேகத்தில் தேங்காய் மூடியை எடுத்துத் துருவ உட்கார்ந்துவிட்டாள், வீட்டில் ஒரு நாளும் அப்படிச் செய்ததில்லை! சாப்பிடும் முன் அவர்கள் ஜெபித்தார்கள். நாங்கள் கோயிலுக்குப் போகிறவர்கள், ஆனால் அந்த மேஜையில் எனக்குக் கொஞ்சமும் அந்நியமாகத் தெரியவில்லை. 1900-ல் அமெரிக்க மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய இடம், எவ்வளவோ வளர்ந்த பிறகும் இதை விடாமல் வைத்திருக்கிறார்கள்.

இளையவன் படிப்பது வேறொரு பல்கலைக்கழகத்தில், பெயர் வேண்டாம். கட்டடங்களுக்குக் குறைவில்லை, காலை ஆராதனைக்கும் கைரேகை வைக்க வேண்டும். போன வருடம் காய்ச்சலில் மூன்று நாள் அறையிலேயே கிடந்தான். 'உங்கள் மகன் வரவில்லை' என்று எனக்கு மூன்று குறுஞ்செய்தி வந்ததே தவிர, கதவைத் தட்டிப் பார்க்க ஒருவரும் வரவில்லை. பக்கத்து அறைப் பையன்தான் வெளியே போய்க் கஞ்சி வாங்கி வந்து கொடுத்திருக்கிறான்.

என் அண்ணன் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர். 1937-ல் அந்தக் கல்லூரி தாம்பரத்துக்குப் போனதிலிருந்து சேலையூர், செயின்ட் தாமஸ், பிஷப் ஹீபர் என்று விடுதிகள் தனித்தனி 'ஹால்'களாக இருக்கின்றன, பொறுப்பாளர்களை மாணவர்களே தேர்தல் வைத்துத் தேர்ந்தெடுப்பார்கள். அண்ணனுக்கு எழுபது தாண்டிவிட்டது, இன்றைக்கும் அங்கே படித்தவர் யாரைப் பார்த்தாலும் 'நீங்க எந்த ஹால்?' என்றுதான் ஆரம்பிப்பார், பாடம், மார்க்கெல்லாம் அப்புறம்தான்.

ஆசிரியர்களை வளாகத்திலேயே குடியமர்த்த வேண்டும், விடுதி நிர்வாகத்தில் மாணவர்களுக்குப் பொறுப்பு கொடுக்க வேண்டும். அதற்கெல்லாம் காலம் ஆகும் என்றால் சரி, இந்த ஜூனில் சேரும் முதலாண்டுப் பிள்ளைகளில் பத்துப் பேருக்கு ஓர் ஆசிரியர் வீடு என்றாவது ஒதுக்கட்டும். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டுச் சோறு போட்டால் போதும், யார் வரவில்லை என்பது அந்த வீட்டுக்குத் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
திருவண்ணாமலை