வரவேற்புக்குப் பானங்கள்: நீ அனுப்பிய எக்செல் பற்றி

அன்புள்ள செந்திலுக்கு,

அக்கா வரவேற்புக்கு நீ போட்ட கணக்கைப் பார்த்தேன். 600 குவளை, குறைந்த செலவு. குறைந்த செலவுக்கு விடை தேடித் தரும் எக்செல் கருவி, சால்வர், என்ன சொல்லியிருக்கிறது? 600-ம் நீர்மோர்! மோர் ஆறு ரூபாய், பன்னீர் சோடா பதினைந்து, இளநீர் நாற்பது என்று கொடுத்தால் அது வேறென்ன சொல்லும் கண்ணா?

இப்படிக் கட்டுப்பாடுகளுக்குள் செலவைக் குறைக்கும் கணக்குக்கு நேரியல் திட்டமிடல் என்று பேர். அதைத் தீர்க்க 1947-இல் சிம்ப்ளெக்ஸ் என்ற முறையைத் தந்த ஜார்ஜ் டான்ட்சிக்குக்கே இது நடந்தது. உடல் இளைக்க வேண்டும், வயிறும் நிறைய வேண்டும் என்று தனக்கே ஓர் உணவுக் கணக்குப் போட்டார். தினம் 500 காலன் வினிகர் குடி என்றது கம்ப்யூட்டர். வினிகரை எடுத்துவிட்டுப் பார்த்தால், நாளுக்கு 200 சூப் கட்டி! அப்புறம்தான் மூன்று கட்டிக்கு மேல் கூடாது என்று உச்சவரம்பு வைத்தார். கணக்கில் பிழை இல்லை, அவர் எழுதாமல் விட்டது அதற்குத் தெரியாது, அவ்வளவுதான்.

நம் வீட்டுக் கட்டுப்பாடுகளைச் சொல்கிறேன், எழுதிக்கொள். சமையல்காரரின் அண்டா 60 லிட்டர், 200 மில்லி குவளைக்கு 300 வரும். மோர் அதற்கு மேல் போகாது. பெரியவர்களுக்கு இளநீர் 40-க்குக் குறையக் கூடாது, பெரியப்பாவை உனக்குத் தெரியுமே. மீதி 260 சோடா. அது 24 பாட்டில் கிரேட்டாகத்தான் வரும், 10.83 கிரேட் யாரும் தரமாட்டார்கள். 11 என்று வை.

இனிதான் சுவாரசியம். மோரின் வரம்பு ஒரு குவளை தளர்ந்தால் செலவு ஒன்பது ரூபாய் குறைகிறது. இதை நிழல் விலை என்பார்கள், சால்வர் அறிக்கையிலேயே இருக்கும், நீ அந்தப் பக்கத்தைத் திறக்கவே இல்லை போல. 20 லிட்டர் பாத்திரம் இன்னொன்று எடுத்தால் 100 குவளை, 900 ரூபாய் மிச்சம். ஆனால் 160 சோடா போதும் என்றாலும் முழு 7 கிரேட், அதாவது 168 பாட்டில் வாங்க வேண்டும்; முன்பு 4 பாட்டில் கூடுதல், இப்போது 8. அதனால் உண்மையில் மிச்சம் 840 தான். பாத்திர வாடகை 150 என்கிறார்கள். எடுத்துவிடலாம்.

பிரிக்காத கிரேட்டைக் கடைக்காரர் திருப்பி எடுப்பாரா என்று அப்பாவைக் கேட்கச் சொல்லியிருக்கிறேன். எடுப்பார் என்றால் ஒன்று கூடவே எழுதிவை, மே மாத வெயில்.

அன்புடன்,
அம்மா