இரண்டு நட்சத்திரங்கள் போதாது

ஐயா,

டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியில் ஷோஹெய் ஓட்டானி குவித்துவரும் வெற்றிகளைப் பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். அவர் 2018 முதல் 2023 வரை ஆடிய ஏஞ்சல்ஸ் அணியை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். பேச வேண்டியதே அந்த அணியைத்தான். ஓட்டானியும் மட்டையாட்ட நட்சத்திரம் மைக் டிரவுட்டும் சேர்ந்து ஆடிய அந்த ஆறு பருவங்களில் ஒருமுறைகூட ஏஞ்சல்ஸ் பிளே ஆஃப் எனும் இறுதிச் சுற்றுகளுக்குள் நுழையவில்லை. காரணம் துரதிர்ஷ்டம் அல்ல, பணத்தைக் கொட்டிய இடம். டிரவுட்டுக்கு 12 ஆண்டுகளுக்கு 42.65 கோடி டாலர். சரி, அவர் அதற்குத் தகுதியானவர். ஆனால் இன்னொரு மட்டையாளரான அந்தோணி ரெண்டானுக்கு 7 ஆண்டுகளுக்கு 24.5 கோடி டாலர் கொடுத்தார்கள். முழுப் பருவம் என்பது 162 ஆட்டங்கள். 2021 முதல் காயங்களால் அவர் எந்தப் பருவத்திலும் 60 ஆட்டங்களைக்கூடத் தொடவில்லை. பந்துவீச்சு நினைவுக்கு வந்தது அப்புறம்தான்: இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2021 டிராஃப்டில் எடுத்த 20 பேருமே பந்துவீச்சாளர்கள்!

ஏஞ்சல்ஸின் சொந்த மைதானமான அனாஹைமில் நானே பார்த்திருக்கிறேன். மட்டையும் பிடித்துப் பந்தும் வீசும் ஓட்டானி, அணி முன்னிலையில் இருக்கும்போது பந்துவீச்சை முடித்துக்கொள்வார். பின்னால் வந்து வீசுகிறவர்கள் அதைக் கோட்டைவிடுவார்கள். மட்டை பிடிப்பவர்களோ, ஒரு ரன் போதும் என்ற நேரத்திலும் பந்தை எல்லைக்கு வெளியே அடிக்கும் ஹோம் ரன் ஆசையில் சுழற்றி, மூன்று ஸ்டிரைக்குகளில் அவுட் ஆவார்கள். ஓட்டானி போன பிறகு, 2024இல் 99 தோல்விகள். அணியின் வரலாற்றிலேயே இதுதான் அதிகம். இனியாவது உரிமையாளர் அடுத்த பெரிய பெயரைத் தேடாமல், அந்தப் பணத்தில் நம்பகமான தொடக்கப் பந்துவீச்சாளர்கள் இருவரை வாங்கட்டும். மீதியை இளம் வீரர்கள் வளரும் கீழ்நிலை மைனர் லீக் அணிகளின் பயிற்சிக்குச் செலவிடட்டும்.

– ஒரு வாசகர், கலிபோர்னியா