விம்பிள்டன் கால்பந்து ரசிகர்களுக்கு ஒரு நன்றி மடல்

லண்டனில் உள்ள ஏ.எஃப்.சி. விம்பிள்டன் கால்பந்துக் கழகத்தின் உரிமையாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

உரிமையாளர்கள் என்றதும் நம்மவர்கள் யாரோ ஒரு கோடீஸ்வரரை நினைப்பார்கள். நான் சொல்வது டான்ஸ் (Dons, கழகத்தின் செல்லப்பெயர்) டிரஸ்ட் என்ற ரசிகர் அமைப்பின் உறுப்பினர்களை. கழகம் அவர்கள் கையில்தான் இருக்கிறது. ஆளுக்கு ஒரு ஓட்டு.

பழைய விம்பிள்டன் கழகத்துக்கும் முதலாளிகள் இருந்தார்கள். சாம் ஹம்மாம் முதலாளியாக இருந்தபோதுதான், 1988இல், லிவர்பூலை 1-0 என வீழ்த்தி இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையை வென்றார்கள். அதே ஹம்மாம்தான், 1998இல், கழகத்தின் பழைய சொந்த மைதானமான பிளவ் லேனை ஒரு சூப்பர் மார்க்கெட் நிறுவனத்துக்கு விற்றார். பழைய ரசிகர்களிடம் அவர் பெயரைச் சொல்லிப் பாருங்கள், கோப்பையோடு அந்த விற்பனையும் சேர்ந்தே வரும். அவருக்குப் பின் வந்தவர்கள் கழகத்தையே லண்டனுக்கு வெளியே மில்டன் கீன்ஸ் என்ற வேறு ஊருக்குக் கொண்டுபோக முடிவெடுத்தார்கள். 2002 மே மாதம் அதற்கு அனுமதியும் கிடைத்தது.

நீங்கள் அழுதுவிட்டு வீட்டில் இருந்துவிடவில்லை. சில வாரங்களிலேயே விம்பிள்டன் காமன் புல்வெளியில் ஆட்டக்காரர்களுக்குத் தேர்வு வைத்து, புதுக் கழகத்தைத் தொடங்கினீர்கள். 2011இல் அது இங்கிலாந்தின் தொழில்முறைப் போட்டித்தொடரான ஃபுட்பால் லீக்கில் சேர்ந்தது. 2020இல் பிளவ் லேனுக்கே திரும்பி வந்தீர்கள். அரங்கக் கட்டுமானத்துக்குப் பணம் போதாதபோது நீங்களே கடன் பத்திரம் வாங்கி 50 லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டிக் கொடுத்தீர்கள். அப்போது பணம் போட்ட ஒவ்வொருவருக்கும் நன்றி.

ஆனால் இந்த மடலை எழுத வைத்தது பந்து அல்ல, காய்கறிப் பெட்டி.

2020 ஊரடங்கில் என் வேலை போயிருந்தது. விம்பிள்டனுக்குப் பக்கத்து ஊரான மிட்சமில் ஒரு மாடி வீட்டில் நானும் அம்மாவும். உங்கள் ரசிகர்கள் தொடங்கிய டான்ஸ் லோக்கல் ஆக்‌ஷன் குரூப், கடை வாசல்களில் நின்று பொருள் சேர்த்து வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தது. எங்கள் வாசலிலும் ஒரு பையன் பெட்டியை வைத்துவிட்டுத் தள்ளி நின்று, "சாப்பிடாதது ஏதும் உண்டா?" என்று கேட்டான். மாட்டிறைச்சி சாப்பிடமாட்டோம் என்றார் அம்மா. அடுத்த வாரப் பெட்டியில் இறைச்சி டின்னுக்குப் பதில் பருப்பும் அரிசியும் இருந்தன. அம்மா அந்தப் பருப்புப் பொதியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவே இல்லை. தம்பி, உன் பெயரைக் கேட்க மறந்துபோனோம். நீ நல்லாயிருக்க வேண்டும்.

பழைய கணினிகளைச் சரிபார்த்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தவர்களுக்கும் நன்றி. அப்புறம், 2024 செப்டம்பர் மழையில் வாண்டில் ஆற்று வெள்ளம் புகுந்து ஆடுகளமே உள்வாங்கியபோது நிதி கொடுத்த எல்லாருக்கும், எந்த ஊர்க் கழக ரசிகராக இருந்தாலும், எங்கள் நன்றி.

இந்த வருடம் அம்மாவையும் டிரஸ்டில் உறுப்பினராகச் சேர்த்திருக்கிறேன். அடுத்த ஓட்டெடுப்பில் அவரும் ஓட்டுப் போடுவார்.

அன்புடன்,
மிட்சமிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம்