கயலுக்கு: அந்தப் போனை வாங்கலாமா?

அன்புள்ள கயல்,

நீயும் மாப்பிள்ளையும் நலமா? குட்டிப்பயல் எட்டு வைத்து நடக்க ஆரம்பித்துவிட்டான் என்று அம்மா சொன்னாள். நீ அனுப்பிய படத்தையும் பார்த்தேன். கால் ஓர் இடத்தில், முகம் ஓர் இடத்தில் இழுத்துக்கொண்டு போயிருந்தது, நெற்றி முழுக்க வெளுத்துப்போயிருந்தது. உன்னைச் சொல்லிக் குற்றமில்லை, அந்தப் பழைய போன் அவ்வளவுதான் எடுக்கும். சாம்சங் ஏ55 வாங்கலாமா, கேமரா எப்படி என்று கேட்டிருந்தாய். உன் தம்பியிடம் இருப்பதும் அதே போன்தான். தீபாவளிக்கு வந்தவனிடம் கேட்டு வாங்கி, அவன் ஊருக்குக் கிளம்பும்வரை பத்து நாள் நானே வைத்திருந்தேன். பேசும்போது சொல்லிவிடலாம்தான், ஆனால் முப்பது வருடம் ஸ்டூடியோ நடத்திவிட்டு ஒரு கேமராவைப் பற்றி இரண்டு வார்த்தையில் சொல்லி முடிக்க மனசு வரவில்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாங்கலாம். ஆனால் கடையில் சொல்லும் காரணத்துக்காக இல்லை.

கடையில் 50 மெகாபிக்சல் என்றுதான் ஆரம்பிப்பார்கள். அந்த எண்ணைக் கேட்டு நீ மயங்க வேண்டாம். நீ சாதாரணமாக எடுக்கும் படம் 50 மெகாபிக்சலாக வருவதே இல்லை. நான்கு புள்ளிகளைச் சேர்த்து ஒரே புள்ளியாக்கி, சுமார் 12 மெகாபிக்சல் படமாகத்தான் தருகிறது, அதுதான் நல்லதும்கூட. நம் பழைய பிலிமில் ஒரு பிரேம் 36க்கு 24 மில்லிமீட்டர். இந்தப் போனுக்குள் இருக்கும் சென்சார் சுண்டுவிரல் நகத்தளவுதான், அதற்குள் ஐந்து கோடிப் புள்ளிகள் என்றால் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு வெளிச்சம் கிடைக்கும், நீயே யோசித்துப் பார். நான்கையும் சேர்த்தால்தான் இருட்டில் மணல் தூவினாற்போன்ற புள்ளிகள் இல்லாமல் படம் வரும். சுவரில் மாட்டும் 12க்கு 8 இஞ்ச் பிரிண்டுக்கு, ஓர் இஞ்சுக்கு 300 புள்ளி என்று கணக்குப் போட்டால், 86 லட்சம் புள்ளி போதும். இதில் ஒரு கோடிக்கு மேல் இருக்கிறது. நான் நாலு படம் பிரிண்ட் போட்டுப் பார்த்தேன், கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் புடவைக் கரை தெளிவாக இருந்தது.

சரி, எண்ணை விடு. நான் இதில் முதலில் பார்த்தது முகத்தின் நிறம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நீ வாங்கப்போவது முக்கால்வாசி உன் பிள்ளையைப் படம் எடுக்கத்தான், அவனோ உன் நிறம், நீ என் அம்மாவின் நிறம்.

கலர் பிலிம் வந்த காலத்தில் கோடாக் கம்பெனி லேபுகளுக்கு ஒரு பெண்ணின் படம் போட்ட அட்டை அனுப்பும், ஷர்லி கார்டு என்று பெயர். அந்தப் பெண் வெள்ளைக்காரி. அவள் தோல் சரியாக வந்தால் மெஷினின் கலர் சரி என்று வைத்துக்கொள்வார்கள். எல்லா நிறத்தவரும் இருக்கிற அட்டை வருவதற்கு 1990களாகிவிட்டது. அதுவரை நம்மைப் போன்றவர்கள் கலர் படத்தில் ஒன்று கரிக்கட்டையாக இருப்போம், இல்லாவிட்டால் செங்கல் நிறத்தில் இருப்போம். இது போன் காலத்திலும் தொடர்ந்த பிரச்சினைதான். 2021இல் கூகுள் பிக்சல் 6 வெளியிட்டபோது ரியல் டோன் என்று பெயர் வைத்து, கறுத்த தோலும் உள்ளபடி வரவேண்டும் என்று தனியாக உழைத்தோம் என்று சொன்னார்கள். நானும் அதைப் படித்தேன், படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

உன்னிடம் சொன்னதில்லை, ஸ்டூடியோவில் பெண் பார்க்க அனுப்பும் படத்துக்கு வருகிற அம்மா அப்பா எல்லோரும் கேட்பது ஒன்றுதான், கொஞ்சம் கலரா போட்டுக் கொடுங்க அண்ணே. கறுப்பு வெள்ளைக் காலத்தில் அதற்கு நெகடிவில் பென்சிலால் தேய்ப்போம். நெகடிவில் எங்கே கரி ஏறுகிறதோ பிரிண்டில் அங்கே வெளுப்பாக வரும். நானும் தேய்த்திருக்கிறேன், நூற்றுக்கணக்கில். அந்தப் பெண்கள் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உறைக்குள் போட்டுக்கொண்டு போவார்கள். அது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. உன் கல்யாணப் படத்தில் ஒரு புள்ளியைக்கூட வெளுக்க விடவில்லை, உனக்கு ஞாபகம் இருக்கும், ஆல்பம் போட்டவரிடம் நான் சண்டையே போட்டேன்.

அதனால் தம்பியின் போன் என் கைக்கு வந்ததும் அம்மாவை ஜன்னல் ஓரம் உட்காரவைத்து எடுத்தேன். அடுத்து எதிர்வீட்டுப் பெரியம்மாவைத் திண்ணையில் உட்காரவைத்து எடுத்தேன், அவர் நல்ல கறுப்பு, வெள்ளைப் புடவை வேறு, எந்தக் கேமராவுக்கும் கஷ்டமான பாடம் அது. ஜன்னல் வெளிச்சத்தில் மெயின் கேமரா அம்மாவை உள்ளபடி எடுத்தது. பெரியம்மா படத்தில் புடவையின் மடிப்பும் தெரிந்தது, கன்னத்துச் சுருக்கமும் தெரிந்தது. போன் கேமரா ஒரே சொடுக்கில் வெளிச்சம் கூடவும் குறையவுமாகப் பல படங்கள் எடுத்து ஒன்றாகச் சேர்த்துவிடுகிறது, பிலிமில் நான் இதற்குப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். முன்பக்கக் கேமராவில் மட்டும் ஒன்று கவனி. இப்போது பல போன்களில் முகத்தை வழவழப்பாக்கும், வெளுப்பாக்கும் வசதி ஒன்று செட்டிங்கில் இருக்கும். வாங்கிய அன்றைக்கே உள்ளே போய் அதைப் பூஜ்யத்தில் வைத்துவிடு. உன் பிள்ளை வளர்ந்து தன் பழைய படங்களைப் பார்க்கும்போது வேறு யாரோ மாதிரி இருக்கக் கூடாது.

அப்புறம், திரையைப் பார்த்து நிறத்தை முடிவு செய்யாதே. இதில் திரைக்கு விவிட், நேச்சுரல் என்று இரண்டு வகை உண்டு. விவிடில் அம்மாவின் மாம்பழக் கலர் புடவை எரிகிற மாதிரி தெரிந்தது. நேச்சுரலுக்கு மாற்றிவிட்டுப் புடவையையே பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், அப்போதுதான் ஒத்துவந்தது. படம் சரியாகத்தான் இருந்திருக்கிறது, காட்டிய திரைதான் கூட்டிச் சொல்லியிருக்கிறது.

இப்போது குழந்தை ஓடுகிற விஷயம். இதில் ஓஐஎஸ் என்று ஒன்று இருக்கிறது. நம் கை எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்த்து லென்ஸையே எதிர்ப்பக்கம் நகர்த்திச் சரிசெய்யும். நல்ல வசதி, சாயங்காலம் கோவில் விளக்கைக் கையில் பிடித்தே எடுத்தேன், அசையவில்லை. ஆனால் அது உன் கை நடுக்கத்தைத்தான் நிறுத்தும், ஓடுகிற பிள்ளையை நிறுத்தாது. வெளிச்சம் குறைந்தால் ஷட்டர் அதிக நேரம் திறந்திருக்கும், அதற்குள் அவன் இரண்டு எட்டு வைத்துவிடுவான், முகம் இழுபட்டுப்போகும். நைட் மோடு போட்டால் இன்னும் மோசம், அது பல படங்களைக் கோத்து ஒன்றாக்குவது, கோக்கிற நேரம்வரை அவன் சும்மா நிற்கவேண்டுமே. இந்த விலைக்கு எந்தப் போன் வாங்கினாலும் இதுதான் கதை. அதனால் ராத்திரி ஹாலில் ஒரு விளக்குக்கு இரண்டு விளக்காகப் போடு, பகலில் என்றால் பால்கனிக் கதவைத் திறந்து அந்த வெளிச்சத்துக்கு அவனை வரவழை. வெளிச்சம் பக்கவாட்டில் இருந்து வரட்டும், அவன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டாம். நீ நிற்காதே, உட்கார்ந்து அவன் கண் உயரத்துக்கு வா. இது பணம் செலவில்லாத விஷயம், ஆனால் நீ புதுப் போனுக்குக் கொடுக்கப்போகிற பணத்தைவிட இதனால்தான் படம் மாறும்.

மற்ற கேமராக்களைப் பார்க்க தாராசுரம் போனேன், அம்மாவும் வந்தாள். அல்ட்ரா வைடு 12 மெகாபிக்சல், 123 டிகிரி அகலம். ஐராவதேசுவரர் கோவிலில் அந்தக் கல் குதிரை இழுக்கும் தேர் மண்டபத்தின் பக்கத்தில் நின்றே முழு மண்டபமும் அடங்கிவிட்டது. ஆனால் ஓரத்துத் தூண்களெல்லாம் சாய்ந்து நின்றன. நாற்பது அடி பின்னால் போய் மெயின் கேமராவில் எடுத்ததும் கோவில் கோவிலாக வந்தது. இடம் இருந்தால் நடந்து பின்னால் போ, இடமே இல்லாத இடத்துக்கு மட்டும் வைடு. வைடில் யாரையும் ஓரத்தில் நிற்கவைத்து எடுக்காதே, தலை நீண்டுபோகும்.

மூன்றாவது கேமரா மேக்ரோ, அதாவது சின்னப் பொருளை ரொம்பப் பக்கத்தில் போய் எடுப்பதற்கு, 5 மெகாபிக்சல். தாராசுரத்தில் உள்ளங்கை அளவுக்குக்கூட நுணுக்கமான சிற்பங்கள் உண்டே, அதில் ஒரு நடனப்பெண்ணை மேக்ரோவிலும் எடுத்தேன், மெயின் கேமராவில் இரண்டு மடங்கு ஜூம் வைத்துக் கொஞ்சம் தள்ளி நின்றும் எடுத்தேன். இரண்டாவதுதான் நன்றாக இருந்தது. இரண்டு மடங்குவரை அது பெரிய சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுப்பதால் தெளிவு அவ்வளவாகப் போவதில்லை. அதற்கு மேல் போனால் வெறும் பெரிதாக்கல்தான், தூரத்தை இழுக்கும் தனி லென்ஸ் இதில் கிடையாது. ஆகவே பின்னால் மூன்று கண் இருந்தாலும் உனக்கு உபயோகம் ஒன்றரைக் கண் என்று வைத்துக்கொள். வீடியோ 4கேயில் வினாடிக்கு 30 பிரேம், முன்பக்கமும் அதே. பையன் முதல் பிறந்தநாளுக்கு அது தாராளம்.

போனின் அமைப்பைப் பற்றியும் கேட்டிருந்தாய். ஓரச் சட்டம் அலுமினியம், முன்னும் பின்னும் கண்ணாடி. இதற்கு முந்தைய ஏ54இல் சட்டம் பிளாஸ்டிக், இதைக் கையில் எடுத்ததுமே வித்தியாசம் தெரிகிறது. பக்கங்கள் தட்டையாக இருப்பதால் மேஜையிலிருந்து எடுக்கப் பிடி கிடைக்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்தது பட்டன் இருக்கும் இடம். அங்கே மட்டும் சட்டத்தைக் கொஞ்சம் மேடாக்கியிருக்கிறார்கள், பார்க்காமலே கட்டைவிரல் போய் உட்காருகிறது. பழைய கேமராக்களில் ஷட்டர் பட்டனை இருட்டிலும் விரல் கண்டுபிடிக்கும், அந்தச் சுகம். ஆனால் எடை 213 கிராம், திரை 6.6 இஞ்ச். அம்மாவால் ஒரு கையில் பிடித்து எடுக்க முடியவில்லை, ஒரு கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு எடுக்கிற உனக்கும் இது முக்கியம். கடைக்குப் போனால் வலது கையில் மட்டும் பிடித்து, கட்டைவிரலால் படம் எடுத்துப் பார். மணிக்கட்டு வலித்தால் வேண்டாம்.

கேமரா வளையங்கள் மூன்றும் தனித்தனியாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. மேஜையில் மல்லாக்க வைத்தால் லென்ஸ் கண்ணாடிதான் மேஜையைத் தொடும். அதனால் வளையத்தைவிட உயர்ந்த விளிம்புள்ள கவர் ஒன்றை போனோடு சேர்த்தே வாங்கிவிடு. ஐபி67 என்பதால் ஒரு மீட்டர் நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்கிறார்கள். என் பழைய போன் குளியலறை வாளியில் விழுந்து செத்துப்போனதே, அதில் போன உன் அண்ணன் வீட்டுக் கிரகப்பிரவேசப் படங்கள் இன்றுவரை எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. நடக்கிற பிள்ளை உள்ள வீட்டில் இது வேண்டியதுதான். கடல் தண்ணீருக்கு இந்தக் கணக்குச் செல்லாது. மெமரி கார்டு போடலாம், ஆனால் கார்டு போட்டால் இரண்டாவது சிம்முக்கு இடம் இல்லை, நீ ஆபீஸ் நம்பர் ஒன்று தனியாக வைத்திருக்கிறாயே, யோசித்துக்கொள். பெட்டியில் சார்ஜர் இருக்காது.

2024 மார்ச்சில் வந்தபோது விலை 39,999 ரூபாயில் தொடங்கியது. 2025 மார்ச்சில் ஏ56 வந்துவிட்டது, 198 கிராம், 7.4 மில்லிமீட்டர், சார்ஜும் வேகம். கேமராவைப் பொறுத்தவரை மெயின் அதே 50தான், முன்பக்கம் மட்டும் 32 மெகாபிக்சலிலிருந்து 12ஆகக் குறைத்திருக்கிறார்கள். அந்தக் கம்பெனியே எண்ணைக் குறைத்துக்கொண்டு புதுசு என்று விற்கிறது, நான் மேலே சொன்னது சரிதான் என்று எனக்கு அதைப் பார்த்ததும் தோன்றியது. எடை உனக்குப் பாரமாக இருந்தால் ஏ56 பார். இல்லாவிட்டால் ஏ55ஐயே வாங்கு, மிச்சமாகும் பணத்தில் வீட்டு ஹாலுக்கு நல்ல வெள்ளை விளக்கு இரண்டு போடு.

வாங்கியதும் ஜன்னல் ஓரத்தில் பையனை ஒரு படம் எடுத்து அனுப்பு, எந்த பில்டரும் போடாமல். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமெண்ட் என்று தேர்ந்தெடுத்து அனுப்பு, முழுசாக வரும். ஹாலில் அப்பாயி படத்துக்குப் பக்கத்தில் 12க்கு 8 அளவுக்கு இடம் பார்த்து ஆணி அடித்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா
கும்பகோணம்