பொரி எண்ணிய அம்மாவிடமிருந்து

பாளையங்கோட்டை
ஆகஸ்ட் 2025

அன்பு நித்யாவுக்கு,

போனில் நீ கேட்ட கேள்விக்கு அன்றைக்கே பதில் சொல்லியிருப்பேன். குக்கர் விசில் அடித்தது, உன் அப்பா மாத்திரை டப்பா எங்கே என்றார், அதோடு போயிற்று. உங்கள் ஆபீஸ் கேன்டீனில் ஒருவர், "தட்பவெப்பம் எந்தக் காலத்தில் மாறாமல் இருந்தது? இதில் என்ன புதுசு?" என்றாராம். உனக்குப் பதில் வரவில்லையாம். "முப்பது வருஷம் சேற்றைத்தானே பார்த்தாய், நீ சொல்லும்மா" என்றாய். போனில் சொன்னால் "உம், உம்" என்று கேட்டுக்கொண்டே வேறெதையோ தட்டிக்கொண்டிருப்பாய். அந்தக் கீபோர்டு சத்தம் எனக்குக் கேட்கும். அதனால்தான் கடிதம்.

அந்த மனிதர் சொன்னது சரிதான். மாறிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. ஆனால் அது அவருக்கு எப்படித் தெரிந்தது? எந்தப் பாட்டன் சொல்லிவிட்டுப் போனான்? கடலடிச் சேறும் துருவப் பனிக்கட்டியும் சொல்லித்தான் உலகத்துக்கே தெரியும். எங்கள் சாட்சியைக் கூண்டில் ஏற்றி, முதல் வரியைக் கேட்டதும் போதும் என்று இறக்கிவிட்டால் எப்படி? மீதியையும் கேட்கச் சொல்.

உனக்கு நினைவிருக்கிறதா? எட்டோ ஒன்பதோ வயசு. பள்ளிக்கூடம் லீவு, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, கோவாவில் நான் வேலை பார்த்த லேபுக்கு உன்னைக் கூட்டிப்போனேன். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்ததும் "அம்மா, பொரி!" என்று கத்தினாய். அன்று முதல் ஓய்வு பெறும்வரை அங்கே நான் பொரி மேடம்தான்.

நீ பார்த்தது ஃபொராம். முழுப்பெயர் ஃபொராமினிஃபெரா. ஒரே செல்தான். ஆனாலும் கடல்நீரில் இருக்கிற கால்சியத்தையும் கரியையும் (கார்பன்) எடுத்துத் தனக்கு ஒரு சுண்ணாம்பு வீடு கட்டிக்கொள்ளும். மிதக்கிற வகை மேல்தண்ணீரில் சில வாரம் வாழும், செத்தால் கூடு கீழே விழும். ரவையைவிடச் சின்னக் கூடு. கோடிக்கணக்கில் விழுந்து விழுந்து நடுக்கடல் தரையில் வெள்ளைச் சேறாகப் படியும். ஆயிரம் வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர், நல்ல இடமாக இருந்தால் மூன்று. நம் ராஜராஜன் காலத்தில் விழுந்த கூடு இன்றைக்குச் சுண்டுவிரல் அகல ஆழத்தில் கிடக்கும் என்று வைத்துக்கொள்.

இதில் முக்கியமான விஷயம், வீடு கட்டும்போது அந்தப் பூச்சி தன்னைச் சுற்றி இருந்த தண்ணீரையே சுவரில் எழுதிவிடுகிறது. தண்ணீர் சூடாக இருந்தால் சுவரில் மக்னீசியம் கூடும். தண்ணீரின் அமிலத்தன்மைக்கு ஏற்ப போரானின் இரண்டு வகைகளின் விகிதம் மாறும். ஆக்சிஜன் கதைதான் எல்லாவற்றுக்கும் மூத்தது. ஆக்சிஜனில் 16 என்று லேசான ஒன்று, 18 என்று கனமான ஒன்று. கடலிலிருந்து ஆவியாகும்போது லேசானது முந்திக்கொள்ளும். அது துருவத்தில் பனியாக விழுந்து திரும்பி வராமல் நின்றுவிட்டால், கடலில் கனமானதன் பங்கு கூடும், கூட்டிலும் கூடும். இப்படி எடை மாறுபடுகிற வகைகளை, அதாவது ஐசோடோப்பை, வைத்துப் பழைய வெப்பநிலையைப் படிக்கலாம் என்று 1940களில் சொன்னவர் ஹெரால்ட் யூரி. 1955இல் சேற்றுத் தண்டுகளில் (கடல் தரையில் குழாயை இறக்கி எடுக்கிற நீளச் சேற்று உருளைகள்) அதைச் செய்து காட்டியவர் செசாரே எமிலியானி.

எமிலியானி இந்த ஏற்ற இறக்கத்தில் பெரும்பங்கு வெப்பநிலைதான் என்றார். நிக்கலஸ் ஷாக்கிள்டன் என்ற கேம்பிரிட்ஜ்காரர் 1967இல் ஒரு எளிய கேள்வி கேட்டார். மேலே மிதக்கிற ஃபொராமை விடு, கடல் தரையிலேயே வாழ்கிற ஃபொராமை எடு. அங்கே தண்ணீர் ஏற்கெனவே உறைநிலைக்குப் பக்கத்தில். பனியுகத்தில் அது இன்னும் எவ்வளவு குளிர்ந்துவிட முடியும்? ஆனால் அதன் கூட்டிலும் அதே அளவு மாற்றம் தெரிகிறதே! அப்படியானால் நாம் பெரும்பாலும் படித்துக்கொண்டிருப்பது குளிரை அல்ல, நிலத்தில் ஏறி உட்கார்ந்த பனியின் அளவை. இந்த வாதத்தை முதல்முறை கேட்டபோது நான் டீயை ஆறவிட்டுவிட்டேன். (அவர் கிளாரினெட் வாசிப்பவர், பழைய கிளாரினெட்டுகளைச் சேர்த்தும் வைத்திருந்தார். எனக்கு அந்த மனிதரைப் பிடிக்க அதுவும் ஒரு காரணம்.)

கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், சுமார் 20,000 வருஷம் முன்னால், கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பாக் நீரிணை அப்போது வெறும் தரை. நீ இருக்கிற ராட்டர்டாமுக்கு மேற்கே வடகடலின் தெற்குப் பகுதியும் அப்படித்தான். இன்றைக்கு உங்கள் ஊரில் பெரும்பகுதி கடல் மட்டத்துக்குக் கீழே, அணை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கேன்டீன்காரருக்கு இதையும் சொல்.

பனியுகங்கள் ஏன் வந்து வந்து போயின என்பதையும் சேறுதான் உறுதிப்படுத்தியது, அதுவும் நம் இந்தியப் பெருங்கடலின் தென்கோடிச் சேறு. ஆர்.சி. 11-120, ஈ 49-18 என்று இரண்டு தண்டுகள். ஹேஸ், இம்ப்ரி, ஷாக்கிள்டன் மூவரும் 1976இல் அவற்றில் நாலரை லட்சம் வருஷத்தை அளந்து பார்த்தார்கள். சுமார் 1,00,000, 42,000, 23,000 வருஷங்களுக்கு ஒருமுறை தாளம் தட்டியது. பூமியின் பாதை நீள்வதும், அச்சு சாய்வதும், பம்பரம் போலத் தள்ளாடுவதும் இதே கணக்கில்தான். மிலாங்கோவிச் என்ற செர்பியர் பேப்பரில் போட்ட கணக்கு. அவர் 1958இலேயே போய்ச் சேர்ந்துவிட்டார், பாவம்.

இனி என் வேலை. குழாயில் வந்த சேற்றைச் சென்டிமீட்டர் சென்டிமீட்டராக வெட்டி, உலர்த்தி, எடை போட்டு, ஊறவைத்து, 63 மைக்ரான் சல்லடையில் தண்ணீர் விட்டு அலச வேண்டும். களிமண் போய்விடும், கூடு நிற்கும். அரிசி களைகிற கை இருந்தால் போதும். அப்புறம் காயவைத்து, கட்டம் போட்ட கறுப்புத் தட்டில் தூவி, மூன்று சைபர் பிரஷ்ஷின் நுனியை ஈரப்படுத்தி ஒவ்வொன்றாக எடுத்து அட்டை ஸ்லைடில் ஒட்டுவது. வெட்டிய ஒவ்வொரு துண்டுக்கும் 300 கூடாவது எண்ண வேண்டும், இனம் இனமாக. புல்லாய்டஸ் என்ற இனம் அரபிக்கடலில் கூடியிருந்தால் தென்மேற்குப் பருவக்காற்று பலமாக அடித்திருக்கிறது என்று அர்த்தம். காற்று மேல்தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும், அடியிலிருந்து சத்துள்ள குளிர்ந்த தண்ணீர் மேலே வரும், அந்த இனத்துக்கு அதுதான் விருந்து. ஓமான் பக்கத்துத் தண்டுகளில் பனியுகத்தில் அது குறைந்து, சுமார் 9,000 வருஷம் முன்னால் ஏறி நிற்கும். குற்றாலத்தில் சாரல் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டே எண்ணுவேன்.

வங்கக்கடல் தண்டுகளில் ஒரு படலத்தில் மட்டும் ஃபொராமுக்கு நடுவே உடைந்த கண்ணாடி வளையல் போலத் துண்டுகள் மின்னும். சுமத்ராவில் தோபா எரிமலை 74,000 வருஷம் முன்னால் வெடித்த சாம்பல். அது வந்துவிட்டால் எங்களுக்கு மைல்கல் வந்த மாதிரி. யாராவது ஒருத்தர் டீ வாங்கித் தரவேண்டும்.

சேறு என்கிற இந்த ஏட்டில் குறை இல்லை என்று உன்னிடம் சொல்ல மாட்டேன். தரையில் வாழ்கிற புழுக்கள் மேல் பத்து சென்டிமீட்டரையும் கிண்டிக் கலக்கிவிடும். இரண்டு சென்டிமீட்டர் ஆயிரம் வருஷம் என்றால், கலங்கியது ஐயாயிரம் வருஷம். நூறு வருஷத்தில் ஏறி இறங்கிய ஒன்று அதில் பாயசத்தில் விழுந்த ஒரு சொட்டு உப்புத்தண்ணீர் மாதிரிக் காணாமல் போகலாம். கேன்டீன்காரர் இதைப் பிடித்திருந்தால் அவரை மெச்சியிருப்பேன். அதற்காகத்தான் பாகிஸ்தான் கரைக்கு அப்பால், ஆக்சிஜன் அற்றுப்போன ஆழத்துச் சேற்றைத் தேடிப்போகிறார்கள். அங்கே புழு பிழைக்காது. ஏடு ஏடாகப் படிந்தது அப்படியே இருக்கும்.

நாங்களும் புழுவுக்குக் குறைந்தவர்கள் இல்லை. ஒருநாள் மின்சாரம் போயிருந்தது. புதிதாக வந்த பையன் ஃபேன் சுவிட்சை அணைக்க மறந்துவிட்டான். மின்சாரம் வந்தது, ஃபேன் சுற்றியது, என் தட்டில் இருந்த நாலாயிரம் வருஷம் பறந்துபோய் ஜன்னல் கொக்கியில் உட்கார்ந்தது. மூன்று நாள் வேலை. அவனைத் திட்டக்கூட இல்லை, சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை எண்ணியும் கட்டுரைகளில் என் பெயர் வந்ததில்லை, கடைசியில் "உதவியவர்களுக்கு நன்றி" என்கிற வரிக்குள் எங்கேயாவது இருப்பேன். அந்த வருத்தம் போய்விட்டது என்றால் பொய். குறைந்திருக்கிறது.

சரி, சாட்சியின் அடுத்த வரிக்கு வருகிறேன்.

1872 முதல் 1876 வரை சாலஞ்சர் என்ற கப்பல் உலகக் கடல்களைச் சுற்றித் தரையைச் சுரண்டிப் பார்த்தது. சேற்றை ஆராய்ந்த ஜான் மர்ரே ஒன்றைக் கவனித்தார். ஓரளவு ஆழம்வரை வெள்ளைச் சேறு, அதற்கும் கீழே போனால் சுண்ணாம்பே இல்லாத செங்களிமண். ஆழத்துத் தண்ணீர் குளிர்ந்தது, அழுத்தம் நிறைந்தது, கரியமில வாயு ஏறியது. அது சுண்ணாம்பைக் கரைத்துவிடும். நம் பழைய வீட்டு மொசைக் தரையில் எலுமிச்சைச் சாறு சிந்திய இடம் மங்கிப்போய்ப் பாட்டியிடம் திட்டு வாங்கினாயே, அதே வேதியியல். இன்றைக்குப் பசிபிக்கில் சுமார் 4,500 மீட்டரிலும் அட்லாண்டிக்கில் சுமார் 5,000 மீட்டரிலும் அந்த எல்லை இருக்கிறது.

2003இல் நமீபியாவுக்கு அப்பால் வால்விஸ் மலைத்தொடரில் ஒரு கப்பல் துளை போட்டது. ஒரே சரிவில் வெவ்வேறு ஆழங்களில் எடுத்த தண்டுகள். வெள்ளையாக வந்துகொண்டிருந்த சேறு ஒரு கோட்டில் சட்டென்று செம்பழுப்புக் களிமண்ணாக மாறியது, எல்லாத் தண்டிலும். 5.6 கோடி வருஷத்துக்கு முந்தைய கோடு அது. ஏராளமான கரி காற்றுக்கும் கடலுக்கும் வந்து, உலகம் ஐந்தாறு டிகிரி சூடேறி, கடல் புளித்து, சுண்ணாம்பு கரையும் எல்லை இரண்டு கிலோமீட்டருக்கும் மேலே ஏறிவிட்டது. ஏற்கெனவே படிந்திருந்த ஏட்டையும் கடலே தின்றுவிட்டது. அந்தக் கோட்டுக்கு அப்பால் தரைவாழ் ஃபொராம் இனங்களில் மூன்றில் ஒன்றுக்கு மேல் காணோம். களிமண் மறுபடி மெல்ல வெளுக்க ஒரு லட்சம் வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அந்தத் தண்டின் படத்தை நான் பார்த்திருக்கிறேன். நானாக இருந்தால் அந்தப் பகுதியில் எண்ணுவதற்கு ஒன்றுமே இருந்திருக்காது. தட்டு காலி.

அந்தக் கரி வெளிவரச் சில ஆயிரம் வருஷம் ஆனது. இன்றைக்கு நாம் ஆண்டுக்கு வெளியே விடுகிற வேகம் அதைப்போல ஏறத்தாழ பத்து மடங்கு. பழைய காற்று அண்டார்டிகாப் பனியின் குமிழிகளில் அகப்பட்டிருக்கிறது. கடைசிப் பனியுகம் முடிந்தபோது கரியமில வாயு பத்து லட்சத்தில் 190 பங்கிலிருந்து 270க்கு ஏற சுமார் 7,000 வருஷம் எடுத்துக்கொண்டது. நான் பிறந்தது 1958. அதே வருஷம்தான் ஹவாயில் காற்றை ஒழுங்காக அளக்க ஆரம்பித்தார்கள். அப்போது 315. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. ஒரு பொம்பளையின் ஆயுள், நித்யா, அதுவும் இன்னும் முடியவில்லை.

சாலஞ்சர்காரர்கள் கடலில் வலைவிட்டுப் பிடித்த ஃபொராம்கள் லண்டனில் பத்திரமாக இருக்கின்றன. 2020இல் அவற்றைச் சமீபத்தில் பசிபிக்கில் பிடித்தவற்றோடு வைத்துப் பார்த்தார்கள். எல்லா இனத்திலும் இன்றைய கூட்டின் சுவர் மெலிந்திருந்தது, ஓர் இனத்தில் 76 சதவீதம் வரை. பொரி லேசாகிக்கொண்டு வருகிறது. ஆகவே அந்த மனிதரிடம் சண்டை போடாதே. "மாறியதுதான், எந்த வேகத்தில் என்று கேளுங்கள்" என்று மட்டும் சொல். கேட்டால் மீதியைச் சொல், கேட்காவிட்டால் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோ.

செல்வி அத்தை அக்டோபரில் அங்கே வருகிறாள். பருப்புப்பொடியும் நார்த்தங்காயும் அவளிடம் கொடுத்துவிடுகிறேன். அதோடு ஒரு அட்டை ஸ்லைடும் வரும். பழகுகிறவர்களுக்குக் கொடுக்கிற ஸ்லைடு, கணக்கில் சேராத உதிரிக் கூடுகள். முதல் கட்டத்தில் பாதி நசுங்கிய ஒன்று இருக்கும். அது நீ அன்றைக்குப் பிரஷ்ஷால் எடுக்கிறேன் என்று நசுக்கியது. பத்து மடங்கு பெரிதாகக் காட்டுகிற லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள், போதும். மேல் கண்ணாடியை நகர்த்தினால் மூச்சை அடக்கிக்கொண்டு நகர்த்து. ஹீட்டர் காற்று, ஹேர் டிரையர், தும்மல் மூன்றும் ஆகாது.

அன்புடன்
அம்மா