கணையக் கொழுப்பை மாத்திரை கரைக்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

உடல் பருமன் உள்ளவர்களுக்குக் கணையத்தில் கொழுப்பு சேர்ந்து நீரிழிவு வருவதைப் பற்றித் தங்கள் நலவாழ்வுப் பக்கம் எழுதியது நல்ல விஷயம். ஆனால் ஒமேகா-3 போன்ற 'நல்ல கொழுப்பு' மாத்திரைகள் அதைக் கரைத்துவிடும் என்று கட்டுரையை முடித்திருக்க வேண்டாம். அதை நம்பி மருந்தைக் கைவிடுபவர்கள் உண்டு.

கணையத்தில் சேரும் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு பெரும்பாலும் வெறும் சேமிப்பு. இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்லை அதிகம் கெடுப்பது, மிகச் சிறிய அளவிலேயே வேலை காட்டும் செராமைடு போன்ற கொழுப்புகள். பால்மிடிக் அமிலம் என்ற நிறைவுற்ற கொழுப்பு அமிலமும் செரின் என்ற அமினோ அமிலமும் சேரும் இடத்தில் செராமைடின் உற்பத்தி தொடங்குகிறது. அது மிகுந்தால், இன்சுலினின் செய்தியைச் செல்லுக்குள் கடத்தும் ஏகேடி புரதம் முடங்கும். இன்சுலின் தயாரிப்பு குறையும். நாளடைவில் செல்லே மடியும். கல்லீரலில் இதே மாதிரித் தொல்லையை டைஅசைல்கிளிசரால் என்ற இன்னொரு கொழுப்பு தருகிறது. ஒலியிக் அமிலம் என்ற நிறைவுறாத கொழுப்பு அமிலம் உடனிருந்தால், பால்மிடிக் அமிலம் ட்ரைகிளிசரைடாகி ஒதுங்கிவிட, செல் பிழைத்துக்கொள்வதை ஆய்வகத்தில் பார்க்க முடிகிறது. ஆகவே கொழுப்பின் அளவை மட்டும் வைத்துப் பயமுறுத்துவது பாதி உண்மைதான்.

சர்க்கரையின் பங்கைக் கட்டுரை தொடவே இல்லை. ரத்தச் சர்க்கரை உயர்ந்திருக்கும்போது செல்லுக்குள் மலோனைல் கோஏ என்ற மூலக்கூறு பெருகி, கொழுப்பு அமிலம் எரிவதற்காக, செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழையும் வாசலை அடைத்துவிடுகிறது. எரியாமல் நின்றது செராமைடு பக்கம் திரும்புகிறது. கொழுப்பு அமிலம் சில மணி நேரம் கூடினால் இன்சுலின் சுரப்பு அதிகரிக்கவே செய்யும். ஓரிரு நாள் நீடித்த பிறகுதான் சுரப்பு தளர்கிறது.

ஒமேகா-3 எலிகளில் அழற்சியைத் தணித்தது உண்மை. ஆனால் நீரிழிவு உள்ள 15,480 பேரிடம் தினம் 1 கிராம் கொடுத்துப் பார்த்த அசென்ட் ஆய்வில் (2018) தீவிரமான இதய, ரத்தநாள பாதிப்புகள் குறிப்பிடும்படி குறையவில்லை. 4 கிராம் அளவில் ரத்த ட்ரைகிளிசரைடு இறங்கும். கூடவே இதயத் துடிப்பு சீர்குலையும் வாய்ப்பும் கூடும். மருத்துவர் சொல்லாமல் அந்த அளவுக்குப் போகக் கூடாது.

கணையக் கொழுப்பு குறைந்ததை அளந்து காட்டியது உணவுக் கட்டுப்பாடுதான். நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ராய் டெய்லர் குழு 2011இல் வெளியிட்ட ஆய்வில், 11 பேர் 8 வாரம் தினம் சுமார் 600 கலோரியோடு இருந்தார்கள். முதல் வாரத்திலேயே வெறும் வயிற்றுச் சர்க்கரை இயல்புக்கு வந்தது. அது கல்லீரல் கொழுப்பு இறங்கியதன் பலன். கணையம் மெதுவாகத்தான் மாறியது: கொழுப்பு 8 சதவீதத்திலிருந்து 6.2 ஆனது, சர்க்கரை ஏறியதும் உடனே நடக்க வேண்டிய, இழந்திருந்த முதல் கட்ட இன்சுலின் சுரப்பும் மீண்டது. 2017இல் வந்த டைரெக்ட் ஆய்வில், நீரிழிவு வந்து 6 ஆண்டுக்குள் இருந்து, உணவுக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் சேர்க்கப்பட்டவர்களில் 46 சதவீதம் பேருக்கு ஓராண்டில் நோய் தணிந்தது. 15 கிலோவுக்கு மேல் இழந்தவர்களிடம் அது 86 சதவீதம். எடை திரும்பினால் நோயும் திரும்பும்.

இதைத் தானாக முயல்வது ஆபத்து. இன்சுலினோ, இன்சுலின் சுரப்பைத் தூண்டும் சல்ஃபோனைல்யூரியா மாத்திரையோ எடுப்பவர் கலோரியை இப்படிக் குறைத்தால் சர்க்கரை அபாயமாகத் தாழ்ந்துவிடும். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் எஸ்ஜிஎல்டி2 வகை மருந்தில் இருப்பவருக்குச் சர்க்கரை அதிகமில்லாமலே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறலாம். ரத்த அழுத்த மருந்தின் அளவையும் மாற்ற வேண்டிவரும். வேகமாக எடை குறைந்தால் பித்தப்பைக் கல் வருவதும் உண்டு.

கணையக் கொழுப்பை அளக்க ஸ்கேன் எடுக்கச் சொல்லி அலைய வேண்டியதில்லை. அல்ட்ராசவுண்டில் அளவு தெரியாது, எம்.ஆர்.ஐ.யிலும், கொழுப்பு திட்டுத்திட்டாக இருப்பதால், எந்த இடத்தில் அளக்கிறோம் என்பதைப் பொறுத்து எண் மாறும். எடை, இடுப்புச் சுற்றளவு, ஹெச்பிஏ1சி (சுமார் 3 மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) ஆகியவற்றைக் கவனித்தால் போதும். மருந்து நிறுத்தி 3 மாதம் கழித்தும் ஹெச்பிஏ1சி 6.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் நோய் தணிந்ததாகக் கொள்ள வேண்டும்; அதன் பிறகும் ஆண்டுதோறும் பரிசோதனை தேவை. மருந்து பற்றிய இந்த எச்சரிக்கையையாவது அதே பக்கத்தில் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு நீரிழிவு மருத்துவர்