பட்டியலைத் தலைகீழாகப் போடு

அன்பு முருகேசா,

பதில் போடாமல் இழுத்தடித்துவிட்டேன். திட்டிக்கொள். இங்கே எல்லோரும் சுகம். சந்திரன் அண்ணனுக்கு அதே ஸ்கூட்டர், அதே புலம்பல். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

பள்ளிக்கூடத்தைப் பற்றிய டிவி நாடகங்கள் என்று மாணவர்களுக்குக் காட்ட நீ போட்ட பட்டியலில் அமெரிக்கப் பாட்டு நாடகம் 'க்ளீ' முதலில், 'தி வயர்' கடைசியில், 'கிரேஞ்ச் ஹில்' ஆளையே காணோம். பாட்டும் ஆட்டமும் என்றால் நீ சொக்கிவிடுவாய், தெரிந்ததுதானே. ஆனால் க்ளீயில் ஆரம்பித்தால், ஏழ்மை ஒரே வாரத்தில் தீருகிற சமாச்சாரம் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். அதில் சாம் என்ற மாணவனின் குடும்பம் வீட்டை இழந்து மோட்டல் அறையில் ஒண்டியிருக்கும். அடகுபோன கிடாரை நண்பர்கள் மீட்டுக் கொடுப்பார்கள், ஒரு பாட்டு, தீர்ந்தது. மெர்சிடஸ் என்ற கறுப்பினப் பெண்ணுக்குக் கடைசி உச்ச சுருதி கிடைக்கும், கதை கிடைக்காது. கர்ட்டை மட்டும் நன்றாக எழுதியிருக்கிறார்கள். தன்பாலீர்ப்புள்ள பையன், மெக்கானிக் அப்பா. அவன் படும் வதையைப் பல வாரங்களுக்குக் கொண்டுபோனார்கள்.

முதலில் காட்ட வேண்டியது 'தி வயர்' நான்காம் சீசன். 2006, அமெரிக்காவின் பால்டிமோர் நகரம், 13 எபிசோடுகள். எழுதியவர்களில் ஒருவரான எட் பர்ன்ஸ் அந்த ஊரில் போலீஸ் துப்பறிவாளராக இருந்து, பிறகு பள்ளி ஆசிரியரானவர். அது காட்சிக்குக் காட்சி தெரியும். டூக்கியை எடுத்துக்கொள். உடம்பு நாறுகிறது என்று பிள்ளைகள் கேலி செய்யும் பையன். புதுத் துணி கொடுத்தால் வீட்டில் விற்றுவிடுவார்கள். அதனால் கணக்கு வாத்தியார் பிரெஸ் அவனுடைய அழுக்குத் துணியைப் பள்ளியிலேயே துவைத்துக் கொடுக்கிறார், காலையில் குளிக்கவும் அங்கேயே வழி செய்கிறார். எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது நடு ஆண்டில் அவனை மேல்நிலைப் பள்ளிக்கு ஏற்றிவிடுகிறது நிர்வாகம். அங்கே துவைத்துக் கொடுக்க யார் இருக்கிறார்கள்? பையன் போகவே மாட்டான். வில்லன் என்று யாருமில்லை முருகா, அதுதான் வயிற்றைப் பிசைகிறது.

இனத்தையும் வேறு மாதிரி காட்டுகிறது. வகுப்பில் ஏறக்குறைய எல்லோரும் கறுப்பினப் பிள்ளைகள். கெட்ட வெள்ளைக்காரப் பையன் வந்து வம்பு பண்ணி, ஆசிரியர் அறிவுரை சொல்லி முடிக்கிற கதைக்கு இடமே இல்லை. வாசற்படியில் உட்காரும் பிள்ளை, தெருமுனைக்குப் போகும் பிள்ளை என்று பள்ளியில் தனி வகுப்பு நடத்தும் முன்னாள் போலீஸ்காரர் கோல்வின் பிரிக்கிறாரே, அந்த இடத்தில் நிறுத்திப் பேசு.

பிரிட்டிஷ் நாடகத்துக்குச் சீருடையைப் பிடித்துக்கொள், வர்க்கம் தெரியும். 1978இல் பிபிசியில் கிரேஞ்ச் ஹில் தொடங்கியபோதே, பள்ளிக்கு வேண்டியதை வாங்கக் காசில்லாத கறுப்பினப் பையன் பென்னி வந்துவிட்டான். 2019இல் வந்த 'செக்ஸ் எஜுகேஷன்' முதல் சீசனில் சீருடையே கிடையாது, அமெரிக்கப் பள்ளி மாதிரி ஜிலுஜிலு உடை. மேவ் என்ற மாணவி கேரவனில் குடியிருக்கிறாள் என்று வசனத்திலும் வீட்டுக் காட்சியிலும் சொல்ல வேண்டியிருக்கிறது. மூன்றாம் சீசனில் புதுத் தலைமையாசிரியை சீருடை கொண்டுவந்ததும் சண்டை வருகிறது பார்.

'செக்ஸ் எஜுகேஷனில்' வரும் தன்பாலீர்ப்புள்ள பையன் எரிக், அவன் கதைக்கு முன்னால் செக்‌ஷன் 28 பற்றி ஐந்து நிமிடம் சொல். உள்ளாட்சிகள் தன்பாலீர்ப்பை 'ஊக்குவிக்க'க் கூடாது என்று 1988இல் வந்த சட்டம். ஸ்காட்லாந்தில் 2000, இங்கிலாந்து, வேல்ஸில் 2003 வரை இருந்தது. ஆசிரியர்கள் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள் என்பது அது தெரிந்தால்தான் விளங்கும்.

ஒரே ஒரு துண்டைக் காட்டிவிட்டு விவாதம் வைக்காதே. டூக்கியின் துணிக் காட்சியை மட்டும் போட்டால் 'ஐயோ பாவம்' என்று முடிந்துவிடும். மாற்றல் காட்சியையும் சேர்த்துப் போடு. நோட்டில் மூன்று பத்தி பிரிக்கச் சொல்: யாருடைய வீட்டைக் காட்டுகிறார்கள், பிரச்சினையை யார் தீர்க்கிறார்கள், அடுத்த எபிசோடில் அது என்ன ஆனது. க்ளீக்கு மூன்றாவது பத்தி பெரும்பாலும் காலியாக இருக்கும். வயரில் கெட்ட வார்த்தை கொட்டும், பிரின்சிபாலிடம் முன்கூட்டியே சொல்லிவை.

டிவிடி தேடி அலையாதே. நீ எடுத்துப் போன என் பெட்டியிலேயே நான்காம் சீசன் இருக்கிறது. காட்டி முடித்ததும் ஒழுங்காகத் திருப்பிக் கொடு.

உன்,
கதிரேசன்